முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகள்

பிடரியில் பிடிக்கிற வலி தோள்பட்டைக்கு இறங்கி, முழங்கையில் சற்று நின்று, மணிக்கட்டுக்கு வந்து சேரும்போது காலை மணி பத்தாகிவிடும். அந்த வலி எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. பதினோரு வருஷம் கலவைச் சட்டி சுமந்த கழுத்து அது. எலும்புப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "இனிமே தலையில ஒரு துண்டுகூட வெக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்ட பிறகு, உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தேடித்தான் இதற்கு வந்தாள். உட்கார்ந்து செய்தாலும் வலிக்கும் என்பதை அந்த டாக்டர் சொல்லவில்லை.

அன்றைக்கும் வலி மணிக்கட்டுக்கு வந்து, மவுஸைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போகத் தொடங்கிய நேரத்தில்தான் அவள் அந்தச் சட்டையைப் பார்த்தாள்.

திரையில், அவள் செய்த கதவின் பின்பக்கத்தில், ஆணியில் ஒரு சட்டை தொங்கியது.

அவள் அந்தக் கதவுக்குப் பின்பக்கமே செய்யவில்லை.

அவளுக்கு வேலை கதவு செய்வது. மரத்தில் அல்ல. கம்ப்யூட்டருக்குள் ஒரு ஊர் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ லட்சக்கணக்கான பேர் அதற்குள் பொம்மைகளாக நடமாடுகிறார்கள், நிலம் பிடிக்கிறார்கள், வீடு கட்டுகிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள். நிஜத்தில் ஒற்றை ரூமில் நாலு பேரோடு முடங்கிக் கிடக்கிறவன் அங்கே மாடி வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். அந்த வீடுகளுக்கு நாற்காலி வேண்டும், விளக்கு வேண்டும், கதவு வேண்டும். அதைச் செய்து விற்க ஆள் வேண்டும். அந்த ஊரில் அவள் பெயர் கதவுக்காரி. அவளுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த, நேரில் ஒரு தடவைகூடப் பார்த்திராத தோழியின் பெயர் சோபாக்காரி.

கதவுக்காரியின் கடையில் ஓடுகிற சரக்கு ஒன்றே ஒன்றுதான்: திறக்காத கதவு. சுவரில் மாட்டிவிட்டால் போதும், அந்தப் பக்கம் இன்னொரு ரூம் இருப்பதுபோல் தோன்றும். சின்ன வீட்டைப் பெரிய வீடாகக் காட்ட அதைவிட மலிவான வழி கிடையாது. முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகள் விற்றிருந்தன. அத்தனையும் ஒரே கதவின் நகல்கள். புதுப் பளபளப்புக் கதவை யாரும் வாங்குவதில்லை, ஆள் புழங்கிய கதவுக்குத்தான் கிராக்கி என்று சோபாக்காரி சொன்னதால், அவள் தன் வீட்டு உள்ரூம் கதவையே போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவைத் தோல் மாதிரி ஒட்டிவிட்டாள். பழுப்புப் பெயின்ட், தாழ்ப்பாளுக்குக் கீழே கட்டில் இடித்த பள்ளம், அடியில் தண்ணீர் பட்டு உப்பிய பலகை. எல்லாம் அச்சு அசல்.

முன்பக்கம் மட்டும்தான் எடுத்தாள். பின்பக்கத்தை எடுக்க வெளிச்சம் இருக்கிற நேரத்தில் உள்ரூமுக்குள் போக வேண்டும். அந்த ரூமுக்கு வெளிச்சம் வருவது நடுப்பகலில்தான். அந்த நேரத்தில் உள்ளே அவள் புருஷன் தூங்கிக்கொண்டிருப்பான். ஐஸ் கிடங்கில் அவனுக்கு ராத்திரி வேலை. காலை ஏழுக்கு வந்து படுத்தால் சாயங்காலம் நாலுக்கு எழுந்திருப்பான். ராத்திரி அவள் படுப்பாள், பகலில் அவன் படுப்பான். அவள் விட்டுப்போன சூட்டில் அவன் படுக்க, அவன் விட்டுப்போன குளிரில் அவள் படுக்க, அந்தக் கட்டிலுக்கு ஓய்வே கிடையாது. அவன் தூக்கம் கெடக் கூடாது என்று பகலெல்லாம் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டு, இருட்டில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவள் கதவு செய்வாள்.

பின்பக்கம் செய்யாததற்கு அவள் வருந்தியதும் இல்லை. கட்டட வேலையில் பார்த்ததுதான். பக்கத்துக் கட்டடத்தை ஒட்டி நிற்கிற சுவரின் வெளிப்பக்கத்தை மேஸ்திரி பூசவே விடமாட்டார். "அங்க யாரு எட்டிப் பாக்கப்போறா? பூசுற சிமென்டை இந்தப் பக்கம் கொட்டு" என்பார். இந்த ஊரிலும் அதே கதைதான். ஒரு பக்கத்தை விட்டால் பொருளின் கனம் பாதியாகும், வாங்குகிறவன் கம்ப்யூட்டரும் திணறாது. விட்ட பக்கத்திலிருந்து பார்த்தால் பொருளே கண்ணுக்குத் தெரியாது. ஊடுருவி அந்தப் பக்கம் தெரியும். சுவரோடு ஒட்டிய கதவை யார் சுவருக்குள்ளிருந்து பார்க்கப் போகிறார்கள்?

இப்போது சட்டை தொங்கியது.

நீலச் சட்டை. கிடங்கு கொடுத்த சட்டை. அவள் திரையைப் பெரிதாக்கினாள். மேலிருந்து மூன்றாவது பொத்தான் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. போன வாரம் நீல நூல் தீர்ந்துபோய், அவள்தான் சிவப்பு நூலால் தைத்தாள். அதை அவள் போட்டோ எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஹெட்போனில் சோபாக்காரியின் குரல் வந்தது. வேலை நேரம் முழுக்க இருவரும் தொடர்பைத் திறந்தே வைத்திருப்பார்கள். பேச்சிருந்தால் பேசுவார்கள், இல்லையென்றால் ஒருத்தியின் மவுஸ் சத்தம் மற்றவளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

"அக்கா, புது வசதி பாத்தீங்களா? மறுபக்கம்னு விட்டிருக்காங்க. என் சோபாவைத் திருப்பிப் பாத்தேன், பின்னாடி துணி கிழிஞ்சு பஞ்சு தொங்குது. நான் செய்யவே இல்லக்கா. ஊரே செஞ்சு வெச்சிருக்கு. அதுவும் எங்க வீட்டு சோபா கிழிஞ்ச அதே எடத்துல."

"பூனை கிழிச்சுதுன்னு சொன்னியே, அதா?"

"அதேதான். எங்க பூனைக்கு அங்கயும் வேலை போட்டுக் குடுத்துட்டாங்க போல."

சோபாக்காரி சிரித்தாள். இவளும் சிரித்து வைத்தாள்.

கடைப் பக்கத்தில் நாலு நாளாக அவள் பார்க்காத அறிவிப்பு ஒன்று கிடந்தது. செய்தவர் செய்யாமல் விட்ட பக்கத்தை இனி ஊரே நிரப்பிக்கொள்ளும். செய்தவர் தாமே செய்து கொடுத்துவிட்டால் அதை எடுத்துக்கொள்ளும். கொடுக்கும்வரை அந்தப் பக்கம் அவர் பெயரில் பாக்கியாக நிற்கும். அவ்வளவுதான் அறிவிப்பு. திரையின் வலது மூலையில், முன்பு இல்லாத ஒரு வரி சின்ன எழுத்தில் ஒட்டியிருந்தது.

பாக்கி: 312.

"உங்க கதவைத் தொறந்து பாத்தீங்களா அக்கா?"

"அது தொறக்காத கதவுடி."

"இப்பத் தொறக்குதே."

அவள் தன் பொம்மையைக் கதவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். தாழ்ப்பாளின் மேல் கிளிக் செய்தாள். கதவு திறந்தது. ஈரத்தில் உப்பிய அடிப்பலகை தரையில் உரசி இழுபடுகிற சத்தம், அவள் வீட்டில் தினமும் காலை ஏழே காலுக்குக் கேட்கிற அந்தச் சத்தம், ஹெட்போனில் இரண்டு காதிலும் கேட்டது.

உள்ளே இருட்டு. கறுப்புத் துணியின் ஓரத்தில் கசிகிற பகல். இரும்புக் கட்டில். கட்டிலுக்கு அடியில் மடித்து வைத்த பழைய பாய், கழற்றிப் போட்ட பூட்ஸ், அதற்குள் திணித்த காலுறை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு ஆண். முதுகு மட்டும் தெரிந்தது. போர்வை இடுப்பு வரை. பனியனில் வலது தோளுக்குக் கீழே ஓட்டை.

குறட்டை கேட்டது.

நல்ல குறட்டை. ஏறும்போது மரம் அறுப்பதுபோல், இறங்கும்போது ஒரு சின்னச் சீழ்க்கை. பதினாறு வருஷமாக அவள் கேட்கிற குறட்டை.

அவள் ஒரு காதின் ஹெட்போனை மட்டும் மெல்லத் தூக்கினாள். நிஜக் கதவுக்குப் பின்னாலிருந்தும் குறட்டை வந்துகொண்டிருந்தது. ஏறியது, இறங்கியது, சீழ்க்கை. இந்தக் காதில் கம்ப்யூட்டர், அந்தக் காதில் வீடு. ஒன்றோடொன்று ஒட்டாமல் வந்தன. கம்ப்யூட்டர் தாமதமாக வருகிறது, இணையம் மெதுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் கவனித்துக் கேட்டாள்.

அது தாமதமில்லை. கம்ப்யூட்டரில்தான் முதலில் வந்தது. ஒரு மூச்சு முன்னால். அங்கே அவன் இருமினான். பிறகு இங்கே இருமினான்.

அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, நாலு மணி வரை சும்மா உட்கார்ந்திருந்தாள்.

நாலுக்கு அவன் எழுந்து வந்து, அவளுக்கு முதுகு காட்டி, வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டினான். அவன் மேல் எப்போதும் அடிக்கிற வாடை, ஐஸும் ஈரச் சாக்கும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை, ஹாலில் பரவியது.

"பகல்ல ரூமுக்குள்ள வந்து வந்து போறியா என்ன?" என்றான்.

"நான் எதுக்கு வரேன்? இங்கயேதான இருக்கேன்."

"யாரோ வந்து நிக்குற மாதிரியே இருக்கு. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. வராங்க, பாக்குறாங்க, போறாங்க. போர்வையை வேற இழுக்குறாங்க."

"கனவா இருக்கும்."

"என்ன எழவோ. தூங்கி எழுந்த மாதிரியே இல்ல. நேத்து மூணாவது அடுக்குல நின்னுக்கிட்டே கண்ணு சொக்கிடுச்சு. பெட்டி நழுவி என் காதை உரசிட்டுக் கீழ விழுந்துச்சு. நாப்பது கிலோ. இன்னும் ஒரு வாரம் இப்பிடிப் போச்சுன்னா என்னைப் பெட்டியோட சேத்துத்தான் எறக்குவாங்க, பாத்துக்க."

அவன் அதைத் தமாஷாகத்தான் சொன்னான். கயிற்றைக் கட்டி முடித்துப் போய்விட்டான்.

ராத்திரி அவளுக்கு உறக்கம் வரவில்லை. கட்டிலில் அவன் விட்டுப்போன பள்ளத்தில் படுத்துக்கொண்டு, கதவின் பின்பக்கம் இருக்கும் திசையை இருட்டில் பார்த்துக்கொண்டே கிடந்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிடலாம். செய்யவில்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் நூலகக்காரர் காத்திருந்தார். அந்த ஊரில் பெரிய நூலகம் ஒன்று கட்டி வைத்திருக்கிற மனிதர். நிஜத்தில் என்ன வேலை செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. நீள வராந்தா முழுக்க மாட்டுவதற்கு அவளிடம் நாற்பது கதவுகள் வாங்கியிருந்தார். அவர் பொம்மைக்கு மூக்குக்கண்ணாடியும் வழுக்கையும் உண்டு.

"பிரமாதம்மா" என்றார். "நாப்பது கதவு மாட்டினேன். நாப்பதுலயும் அவரே தூங்குறார். எங்க ஆளுங்க தினமும் கூட்டமா வந்து பாத்துட்டுப் போறாங்க. அந்தக் குறட்டை இருக்கே, நீங்களே பதிவு பண்ணீங்களா?"

"ஐயா, அந்தக் கதவையெல்லாம் கழட்டிடுங்க. காசைத் திருப்பித் தந்துடுறேன்."

"அட, நல்லாப் போயிட்டிருக்கும்மா. ஒரே ஒரு குறைதான். அவரு திரும்பவே மாட்டேங்குறார். எங்க பசங்க போர்வையை இழுத்துப் பாத்தாங்க, கூப்பிட்டும் பாத்தாங்க. தோளைப் பிடிச்சுத் திருப்பிக்கூடப் பாத்தாச்சு. முகத்தைக் கொஞ்சம் செஞ்சு குடுத்தீங்கன்னா இன்னும் நூறு கதவு நானே வாங்கிக்கறேன்."

அவள் கதவை விற்பனையிலிருந்து எடுத்தாள். விற்றுப்போனதை எடுக்க முடியவில்லை. வாங்கியவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினாள். பாதிப் பேர் பதில் போடவில்லை, மீதிப் பேர் சிரிப்புப் படம் அனுப்பினார்கள். ஊரை நடத்துகிறவர்களுக்கு எழுதினாள். செய்யாத பக்கத்தைச் செய்து கொடுத்தால் பாக்கி தீரும் என்று, அறிவிப்பில் இருந்த அதே வாக்கியம் திரும்பி வந்தது. அன்று பகல் முழுக்க அவள் திரையில் அந்த ரூமைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொம்மைகள் வந்தன. கட்டிலைச் சுற்றி நின்றன. குனிந்தன. ஒன்று போர்வையை இழுத்தது. உள்ரூமில், நிஜத்தில், கட்டில் கிறீச்சிட்டது.

"அப்ப செஞ்சு குடுத்துடுங்களேன் அக்கா" என்றாள் சோபாக்காரி. "நான் எங்க சோபாவோட முதுகைப் போட்டோ எடுத்து ஏத்திட்டேன். ஊரு செஞ்சது போயிடுச்சு, நான் செஞ்சது வந்துடுச்சு. உங்களுக்குக் கதவோட பின்பக்கம், ஒரு போட்டோ. முடிஞ்சுது வேலை."

"அவரு தூங்குறாருடி."

"தூங்கட்டுமே. போட்டோ எடுத்தா முழிச்சுக்குவாரா என்ன?"

சரிதான். ஒரு போட்டோ. முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகளும் ஒரே கதவின் நகல். ஒன்றுக்குச் செய்தால் எல்லாவற்றுக்கும் செய்த மாதிரி. ரூம் மூடிக்கொள்ளும். அவன் தூங்குவான்.

மூன்றாம் நாள் காலையில் அவன் வந்தபோது, அவள் ஒட்டுவதற்கு வேண்டிய அளவுகளையெல்லாம் திரையில் தயார் செய்துகொண்டிருந்தாள். வாடை முதலில் வந்தது. பிறகு பூட்ஸ் சத்தம். அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். ஐஸின் குளிர் அவள் பிடரியில், சரியாக வலி பிடிக்கிற இடத்தில், பட்டது.

"இந்தா" என்றான். "கொஞ்சம் திரும்பிப் பாரேன்."

"ஒரு நிமிஷம் இருங்க."

"மூஞ்சியெல்லாம் மரத்த மாதிரி இருக்கு. கன்னத்தைத் தொட்டா தொட்ட மாதிரியே இல்ல. என்னன்னு பாரு."

"ராத்திரி பூரா ஐஸ்ல நின்னா மரக்காம என்ன செய்யும்? போய்ப் படுங்க. இன்னைக்கு நல்லாத் தூங்குவீங்க. நான் பாத்துக்கறேன்."

"திரும்பிப் பாத்தா கொறஞ்சா போயிடுவ?"

"இதோ வந்துட்டேன். ஒரே நிமிஷம்."

அவன் கொஞ்ச நேரம் நின்றான். அவள் கடைசி அளவை அடித்து முடிக்கவும், அடிப்பலகை தரையில் உரசுகிற சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. திரும்பினாள். கதவு மூடியிருந்தது.

அவன் ஆழ்ந்து தூங்கட்டும் என்று பத்து மணி வரை காத்திருந்தாள். வலி தோளில் இறங்கி, முழங்கையில் நின்று, மணிக்கட்டுக்கு வந்தது. போனை எடுத்துக்கொண்டாள். ஹெட்போனைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றாள்.

ஹெட்போனில் குறட்டை நின்றுபோயிருந்தது.

ஏறிய மூச்சு இறங்கவில்லை. சீழ்க்கை வரவில்லை. திரையில் அந்த முதுகு அசையாமல் கிடந்தது. கட்டிலைச் சுற்றி நின்ற பொம்மைகளும் அசையவில்லை.

அவள் ஹெட்போனைப் பிடுங்கி மேஜைமேல் போட்டாள். வீட்டில் குறட்டை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஏறியது. இறங்கியது. சீழ்க்கை. ஏறியது.

நின்றது.

அவள் எண்ணினாள். ஐந்து. பத்து. பதினைந்து. தெருவில் ஏதோ வண்டி போயிற்று. இருபது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. தூக்குக் குண்டு தொங்கவிட்டு நேர் பார்க்காமல் நிலையை நிறுத்தியிருக்கிறார்கள், சாய்மானம். வழக்கமாக அடியில் மடித்த செய்தித்தாளைச் செருகிவிட்டுத்தான் உள்ளே போவாள். அன்றைக்குச் செருகவில்லை. அவளுக்குப் பின்னால் பலகை உரசியது. சாத்திக்கொண்டது.

இருட்டு. கறுப்புத் துணியின் ஓரத்தில் பகல். கட்டில், பூட்ஸ், காலுறை. சுவரைப் பார்த்த முதுகு. தோளுக்குக் கீழே ஓட்டை.

"என்னங்க."

கட்டிலுக்குக் கிட்டே போனாள்.

"என்னங்க, எழுந்திருங்க. இங்க பாருங்க."

தோளில் கை வைத்தாள். குளிர்ந்தது. அவன் தோள் எப்போதும் குளிர்ந்துதான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். எண்பது கிலோ ஆள். ஒற்றைக் கையில் புரண்டான். வெறும் சட்டிபோல. கலவை கொட்டிய பிறகு தலையில் இருக்கிற சட்டிபோல.

புரண்டு மல்லாந்தான்.

மல்லாந்ததும் காணவில்லை.

படுக்கை தெரிந்தது. தலையணையில் அழுக்குப் பதிந்த பள்ளம் தெரிந்தது. போர்வையின் மடிப்பு தெரிந்தது. அவன் மார்பும் கழுத்தும் முகமும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் அவள் விரல்களுக்குள் தோள் இருந்தது. கெட்டியாக. குளிராக. கைக்கு இருந்தது, கண்ணுக்கு இல்லை.

கையை விட்டாள். அது தானாகச் சுவர்ப் பக்கம் புரண்டது. முதுகு வந்தது. பனியன் வந்தது. ஓட்டை வந்தது.

மறுபடி இழுத்தாள். இல்லை.

விட்டாள். முதுகு.

அவளுக்குத் தெரிந்த வித்தைதான். தினமும் செய்கிறதுதான். ஒரு பக்கம் மட்டும். மற்ற பக்கத்திலிருந்து பார்த்தால் ஊடுருவி அந்தப் பக்கம் தெரியும்.

ஒன்றுமில்லாத அந்த இடத்துக்கு மேல் கையை நீட்டினாள். மணிக்கட்டில் ஏதோ பட்டது. வெதுவெதுப்பாக. ஏறியது, இறங்கியது. மூச்சு.

"செஞ்சுடுறேன்" என்றாள். வாய் தானாகச் சொன்னது. "நான் செஞ்சு குடுத்துடுறேன். இருங்க. ஒரே நிமிஷம்."

முகம். செய்துவிடலாம். நெற்றி ஏறினது. மூக்கு... மூக்கு பெரியது. பெரியதா? மச்சம் ஒன்று உண்டு. இடது கன்னத்திலா, வலதிலா? புருவம் சேருமா, சேராதா? அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தேடினாள். படியில் குனிந்து பூட்ஸ் மாட்டுகிற முதுகு வந்தது. ஹாலைக் கடந்து போகிற முதுகு வந்தது. சுவரைப் பார்த்துத் தூங்குகிற முதுகு வந்தது. பதினாறு வருஷம். முதுகில் இருக்கிற ஒவ்வொரு தழும்பும் தெரியும்.

முகம் வரவில்லை.

கையிலிருந்த போனில் தேடினாள், கதவுப் படங்கள்தான் இருந்தன. கல்யாணத்தன்று எடுத்தது ஹாலில், பீரோவில் இருக்கும். அவள் கதவுக்கு ஓடினாள்.

கதவு இல்லை.

நிலை இருந்தது. கதவு இல்லை. ஹால் தெரிந்தது. மேஜை தெரிந்தது, அவள் நாற்காலி தெரிந்தது, அவள் இறங்கி ஓடிய வேகத்தில் அது இன்னும் லேசாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் மோதினாள். நெற்றியில் பலகை இடித்தது. பலகை. கண்ணுக்குத் தெரியாத பலகை. இரண்டு கையாலும் தடவினாள். மேலே. கீழே. ஓரத்தில். வழவழவென்று ஒரே பரப்பு. தாழ்ப்பாள் இல்லை. பிடி இல்லை. ஆணி இல்லை. நகம் நுழைய ஒரு இடுக்கு இல்லை.

யாரும் எட்டிப் பார்க்காத பக்கம்.

அடித்தாள். சத்தம் வரவில்லை. சத்தத்தையும் யாரும் செய்திருக்கவில்லை.

மேஜைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து, ஈ முனகுவதுபோல், சோபாக்காரியின் குரல் வந்தது.

"அக்கா, இருக்கீங்களா? உங்க கதவைத் தொறந்து பாத்தேன். இப்ப உள்ள இன்னொருத்தங்களும் நிக்குறாங்க. ஒரு அம்மா. போன் கையில இருக்கு. இந்தப் பக்கம் பாத்துத்தான் நிக்குறாங்க. ஆனா அக்கா... முகம் இருக்க வேண்டிய எடத்துல, பின்னாடி இருக்குற கட்டில் தெரியுது."

அவள் கையைத் தன் முகத்துக்குக் கொண்டுபோனாள். ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்தினாள். தொடவில்லை.

பின்னால் மூச்சு ஏறியது. இறங்கியது. சீழ்க்கை.

நாற்காலி சுழன்று நின்றது. அதற்கு அப்பால் திரை வெளிச்சமாக இருந்தது. வலது மூலையில் எண் மாறியிருந்தது.

பாக்கி: 314.

முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகளுக்குப் பின்பக்கம். கட்டியவனுக்கு ஒரு முகம். கட்டிக்கொண்டவளுக்கு ஒன்று.